மண்ணெண்ணெய் எத்தனை லீற்றர்

எமிலியானைக் கடலில் நிறுத்திவைத்து
இன்றோடு பத்தொன்பது நாள்.

புறாமலைக்கு வெளியே
கரை ஒரு பென்சில் கோடாகத் தேயுமிடத்தில்
ஆளில்லாத போட் ஒன்றை அவனுக்குக் காட்டினேன்.
இலக்கம் பாதி உரிந்தது.
உள்ளே வலை, ஒற்றைச் செருப்பு,
முடிச்சவிழாத சோற்றுப் பார்சல்.
பின்னால் புத்தம்புது இஞ்சின்.
அதை விற்றால் அவன் கடன் இரண்டு தரம் அடைபடும்;
கேள்வி கேட்காமல் வாங்க
திருகோணமலைக்குள்ளேயே ஆளிருக்கிறது.

முடிவெடு என்றேன்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் ஐஸ் கம்பனிக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தேன்.

பகலில் கட்டி எண்ணுகிறவள் நான்.
ரசீதுகளின் முதுகில்தான் என் கடல்,
காபன் நீலம் கசிந்த கடல்.
முதலில் அவனை நல்லவனாக்கிப் பார்த்தேன்.
இஞ்சினைத் தொடாமல் ஜெபம் சொன்னான்,
வரிகள் மெழுகுதிரிபோல் வழுவழுத்தன.
பிறகு கள்ளனாக்கினேன்.
மகளின் பிய்ந்த பள்ளிச் சப்பாத்தை இடையில் சொருகி
நானே அவனுக்காக வழக்காடினேன்.
அதையும் கிழித்தேன்.
ஒருநாள் கடற்படைப் படகொன்றை வரவழைத்துத்
தப்பிக்கப் பார்த்தேன்,
அவனல்ல, நான்.

நேற்று மத்தியானம்
கச்சான் மணலை அள்ளி முகத்தில் எறிந்தது.
கேற்றடியில் ஒரு மான்
காட்போட் மட்டையைச் சப்பிக்கொண்டு நின்றது.
திருக்கடலூர் விஜிதரன் நாலு கட்டிக்கு வந்தான்.
கேட்டுவிட்டேன்,
இப்படியொரு போட்டைக் கண்டால் என்ன செய்வாய் என்று.

அவன் கடனைப் பற்றிக் கேட்கவில்லை.
சப்பாத்தைப் பற்றியும் கேட்கவில்லை.
"மண்ணெண்ணெய் எத்தனை லீற்றர் கிடக்கு?"

எழுதவில்லை அதை.
பத்தொன்பது நாளாக
எரிய ஒன்றுமில்லாத தாங்கியோடு
ஒரு மனுசனை மிதக்கவிட்டிருக்கிறேன்.
"பதினொன்று" என்றேன், வாயில் வந்ததை.
"கரைக்கு ஒம்பது வேணும். காத்து?"
"கச்சான்."
"போட் காத்தோட போகும் அக்கா,
மனுசன் நீரோட போவான்.
விழுந்தவன் போட்டுக்குக் கிட்ட இல்லை,
எங்கேயோ பின்னுக்கு, கரைப் பக்கமா.
தலை தெரியாது, திரை மறைக்கும்.
சத்தம்தான் கேக்கும்.
சத்தம் கேக்க இஞ்சினை நிப்பாட்ட வேணும்."
கட்டியில் ஒட்டியிருந்த உமியைத் தட்டினான்.
"சூடேறின பழைய இஞ்சின்.
நிப்பாட்டினா
திரும்ப எடுக்குமெண்டு சொல்லேலாது."

வேறொன்றுமில்லை.
ஒரு விரல், ஒரு சிவப்புப் பொத்தான்.
கடனும் வேதமும் மகளும்
அந்தப் பொத்தானில் வந்து குந்திக்கொண்டன.

நான் கேட்காமல் விட்டிருக்கலாம்.
"நீ நிப்பாட்டினனியோ?"

ஐஸ் அவன் காலடியில் ஒழுகிக்கொண்டிருந்தது.
மானைப் பார்த்துச் 'சூ' என்றான். அது அசையவில்லை.
"நிப்பாட்டினான் எண்டு எழுதினா லேசு.
நிப்பாட்டாமல் வந்தவன்
அண்டைக்கு ராவு என்னெண்டு சோறு திண்டவன்,
ஏலுமெண்டா அதை எழுதுங்கோ."
மிச்சக் காசை வாங்காமல் போனான்.
நூற்றைம்பது ரூபா.
எந்தப் பக்கத்தில் பதிவதென்று தெரியாமல்
இன்னும் மேசையில்
ஐஸ் குத்தும் ஊசியின் கீழே கிடக்கிறது.

இரவு புது ரசீதொன்றைத் திருப்பினேன்.
கடலை எழுதவில்லை.
பாலையூற்றில் ஒரு குசினி.
எமிலியான் சம்மணமிட்டு இருக்கிறான்.
கோப்பையில் சோறு, சூடைக் குழம்பு.
வேர்வை கழுத்தால் இறங்குகிறது.
"ஃபானை ஏன் நிப்பாட்டினீங்கள்,
வேர்க்கேல்லையோ?" என்கிறாள் மனைவி.

அவன் விரல்கள் சோற்றுக்குள் அப்படியே.
தலையை ஒரு பக்கம் சரித்துக்
கேட்டுக்கொண்டிருக்கிறான்.